மண் படாத ஷூ

"அண்ணா, மலைப்பாதையில ஜீப் ஓட்டறதுக்கு எந்த ஷூ வாங்கலாம்? ஒரு லிங்க் போடுங்க" என்று போன வாரம் எங்கள் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். பணியை விட்டு வந்த பிறகும் என்னை அந்தக் குழுவிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இன்னொருவர், "இப்பெல்லாம் கால் செக்கிங் எடுத்துட்டாங்கண்ணா. வர்ற கெஸ்ட் போன்ல 'சரியான ஷூ போட்டிருக்கேன்'னு ஒரு கட்டத்தைத் தொட்டாப் போதும்" என்று போட்டிருந்தார். அதைப் படித்ததும் மனசு சுருக்கென்றது. லிங்க் எதுவும் என்னிடம் கிடையாது. காலைப் பற்றியும், ஒரு காலுக்கு நேர்ந்ததைப் பற்றியும் கொஞ்சம் இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் இருக்கிறது நான் வேலை பார்த்த ஷெட். ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்து அலுத்தவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, ஆனைமலைப் பக்கத்துத் தனியார் எஸ்டேட்களின் கல்லுப் பாதையிலும் சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது தொழில். ஆசைப்படுகிறவர்களுக்கு ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்துகொள்வோம். அந்த நேரத்தில் எங்கள் உயிர் அவர்கள் கால்களில்தான் இருக்கும்.

அதற்கு முன்பு நான் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லின் லாரி ஓட்டினேன். வெறுங்காலில்தான். எங்கள் பக்கத்தில் வண்டி என்பது சாமி. காலையில் ஊதுபத்தி காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கிற வண்டியில் செருப்புக் காலோடு ஏறினால் முதலாளி முகம் சுளிப்பார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறுவோம். சமதளத்தில் அது ஓடிவிட்டது. லைசென்ஸ், ஹெவி லைசென்ஸ், மலைப்பாதைப் பழக்கம் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. அவற்றில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஷெட்டில் சேர்ந்த முதல் நாளும் பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். ஷெட்டுக்குப் பொறுப்பாளர் நாச்சிமுத்து அண்ணன். ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். ஆனால் எல்லோருக்கும் அவர் அண்ணன். யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சில் இரண்டு 'ங்க' கூடுதலாக விழும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, கால்ல ஒண்ணும் போடலீங்களா?"

"வண்டியில போடறதில்லீங்ணா. சாமிங்க."

"சாமி கோவிச்சுக்காதுங்க. எறக்கத்துல பிரேக்கு கோவிச்சுக்குமுங்க. ஊட்டுக்குப் போய் ஷூ எடுத்துட்டு நாளைக்கு வாங்க." சிரிக்காமல் சொன்னார். நான் அன்றைக்கு வேலையில்லாமல் திரும்பிப் போனேன்.

அவர் கால் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். ஓட்டுநரோ, ஓட்டப் போகிற விருந்தினரோ, வரிசை ஒன்றுதான். முதலில் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் ஒரு நடை நடக்கச் சொல்வார். குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குகிறதா என்று பின்னாலிருந்து பார்ப்பார். பிறகு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் ஷூவின் நுனியை அழுத்துவார். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கும்போது நகம் இடிக்கக் கூடாது. அடுத்து ஷூவைக் கழற்றி வாங்கி அடிப்பாகத்தை வளைப்பார். விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் ஆகாது. அடிப்பாகத்தின் அகலத்தைத் தன் உள்ளங்கையோடு வைத்துப் பார்ப்பார். அதற்கு மேல் அகலமென்றால் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து அமுங்கும். ஷூக் கயிற்றின் நுனி உள்ளே செருகியிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் வண்டியில் உட்கார வைத்து, "கண்ண மூடிக்குங்க. எது கிளச்சு, எது பிரேக்குன்னு கால்ல சொல்லுங்க" என்பார். காலுக்குத் தெரிந்துவிட்டால், "ஆச்சுங்க. எடுங்க." இந்த இரண்டு சொல்தான் எங்களுக்கு அனுமதி.

வருகிறவர்கள் பலவிதம். கணுக்காலுக்கு மேலே ஏறும் கனத்த மலையேற்ற பூட்ஸ் வாங்கி, விலைச் சீட்டுகூடப் பிய்க்காமல் போட்டு வருவார்கள். அதில் நடக்கலாம், காலுக்குப் பெடல் தெரியாது. எஸ்டேட் ஆட்கள் போடுவதைப் பார்த்துவிட்டு முழங்கால் வரைக்கும் ரப்பர் கம்பூட் போட்டு ஒருவர் வந்தார். முதல் ஓடையிலேயே அதற்குள் தண்ணீர் நிறைந்து, இரண்டு வாளியைக் காலில் மாட்டிக்கொண்டவர் மாதிரி ஆகிவிட்டார். தோல் ஷூ பார்க்க லட்சணம், நனைந்தால் மறுநாளும் ஈரம். எங்களுக்குக் கடைசி வரை கைகொடுத்தது காட்டு வாட்சர்கள் போடுகிற கேன்வாஸ் ஹன்டர் ஷூதான். விலை மலிவு, கணுக்காலை மூடும், தண்ணீர் உள்ளே வந்தாலும் வெளியேறிவிடும், அடிப்பாகம் மெல்லிசு. ஒரே குறை, கல் குத்தும். உள்ளே ஒரு அட்டை வெட்டிப் போட்டுக்கொள்வோம். இது அட்டைப் பெட்டி அட்டை. மழைக்காலத்தில் கடிக்க வருகிற அட்டைக்குக் காலுறைக்கு மேல் புகையிலைத் தூள். எது வாங்கினாலும் வீட்டில் ஒரு வாரமாவது போட்டு நடந்து பழகிவிட்டு வாருங்கள். புது ஷூவோடு மலைக்கு வருகிறவர் பாதையைப் பார்ப்பதில்லை, குதிகால் கொப்புளத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

லிங்க் கேட்ட தம்பிக்கு விஷயம் இத்துடன் முடிந்தது. கட்டத்தைத் தொட்டால் போதும் என்று சொன்னவருக்குத்தான் மிச்சம்.

மயில்சாமி எங்களோடு இருந்த ஓட்டுநர். ஆனைமலைக்காரர். கல்லில் ஜீப்பை ஏற்றுவதில் அவர் காலுக்கு நிகர் எங்களில் யாருமில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவருக்கும் செல்விக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாரணி என்று பெயர் வைத்தார்கள். பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. கோவையில் டாக்டர் பார்த்துவிட்டு, சரிசெய்துவிடலாம் என்று தைரியம் சொன்னார். வாரா வாரம் பிஞ்சுக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டு போட்டார்கள். அது முடிந்ததும், ஒரு கம்பியின் இரு முனையிலும் பொருத்திய இரண்டு சின்ன ஷூக்களில் பாதங்களை மாட்டி வைத்தார்கள். அதை ஒழுங்காகப் போடாவிட்டால் பாதம் மறுபடி திரும்பிக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். குழந்தை இரவும் பகலும் அதோடு கிடந்தாள்.

அப்போதுதான் மயில்சாமி ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு காலையில் வெறுங்காலோடு ஷெட்டுக்கு வந்தார்.

நாச்சிமுத்து அண்ணன் பார்த்தார். காரணத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு அவரை வண்டி கழுவவும் கிரீஸ் அடிக்கவும் அனுப்பினார். நாங்கள் மலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மயில்சாமி வாளியோடு நின்றிருப்பார். வண்டி வந்த வேகத்தையும் டயரில் ஒட்டியிருக்கும் மண்ணையும் வைத்து எந்தப் பாதையில் போனோம் என்று சொல்லுவார். அதைக் கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ட்ரிப் இல்லாவிட்டால் அதற்கான படிக்காசும் இல்லை. குழந்தையின் வைத்தியத்துக்கு அலையும் நேரம் வேறு.

ஒரு நாள் அவரே அண்ணனிடம் போய் நின்றார். நான் பக்கத்து ஜீப்பில் டயர் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, வண்டி ஓட்டாம இருக்க முடியலீங்க. என்னை அனுப்புங்க."

"ஷூ போட்டுக்குங்க, அனுப்பறேன்."

"அது மட்டும் முடியாதுங்க. தாயிகிட்ட சொல்லிப்போட்டேன்."

அண்ணனும் அமாவாசை தவறாமல் மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறவர்தான். "சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க, மயில்சாமி."

"எம்புள்ள கால்ல ஷூ போட்டுட்டு மண்ணுல நடக்கற வரைக்கும், நானும் கால்ல போட்டு மண்ணுல நடக்க மாட்டேன், தாயின்னு."

"மண்ணுலன்னுதானுங்க சொன்னீங்க?"

"ஆமாங்ணா."

"வண்டிக்குள்ள மண்ணு இல்லீங்களே."

மயில்சாமி முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றே ஏற்பாடு ஆனது. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. வெறுங்காலோடு வந்து, ஜீப் கம்பியில் கட்டியிருக்கும் துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி, சீட்டில் உட்கார்ந்த பிறகு பெட்டியிலிருந்து ஷூவை எடுத்து மாட்ட வேண்டும். இறங்குவதற்கு முன் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு இறங்க வேண்டும். அண்ணன் அவரை அதை மறுபடி மறுபடி செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆச்சுங்க. எடுங்க" என்றார். நாங்கள் கைதட்டினோம். அம்மனுக்கும் குறையில்லை, அண்ணனுக்கும் குறையில்லை என்று எல்லோருக்கும் நிம்மதி.

பல மாதம் அது பிசகில்லாமல் நடந்தது. தரையே தொடாத ஷூ என்பதால் அடிப்பாகம் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. பெடலில் அப்படி ஒரு பிடிப்பு எங்கள் யாருடைய ஷூவுக்கும் கிடையாது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மதியம் இரண்டு ஜீப்பாக எஸ்டேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் நான். பின்னால் மயில்சாமி, அவர் வண்டியில் திருப்பூரிலிருந்து வந்த கணவனும் மனைவியும். பாதையில் ஒரு பெரிய மரக்கிளை விழுந்து கிடந்தது. அதை அகற்ற எல்லோரும் இறங்கினோம். மயில்சாமி வழக்கம்போல ஷூவைக் கழற்றினார். ஆனால் விருந்தினரின் மழைக்கோட்டுகளும் பையும் மரப்பெட்டி மேல் குவிந்திருந்தன. அதையெல்லாம் எடுத்து வைக்கிற நேரத்தில் கிளையைத் தள்ளிவிடலாம் என்று நினைத்து, ஷூவை வண்டிக்குள் பெடல் பக்கத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

கிளையைத் தள்ளி முடிக்கையில் அவர் கால் கணுக்கால் வரை சேறு. மழை வலுத்துவிட்டது. துடைக்கிற துணியும் நனைந்து போயிருந்தது. சேற்றுக் காலை ஷூவுக்குள் விட்டால் மண்ணோடு போட்டதாக ஆகிவிடுமோ என்று அவருக்குத் தயக்கம். அடுத்த வளைவு தாண்டி ஓடை வரும், அங்கே கால் கழுவிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிட்டார். இதையெல்லாம் அவரே பிறகு சொல்லித்தான் தெரியும்.

இறக்கத்தில் வண்டித் தரையில் கிடந்த ஷூ முன்னால் சறுக்கிப் பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. அவர் அழுத்தினார், பெடல் இறங்கவில்லை. கியரைக் குறைக்கப் போனார். சேற்றுக் கால் கிளச்சிலிருந்து வழுக்கியது, கியர் நியூட்ரலுக்கு வந்துவிட்டது. கைப்பிரேக் கொஞ்சம்தான் பிடித்தது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மண்மேடு. மயில்சாமி வலது காலால் ஷூவை உதைத்துத் தள்ளப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து மேட்டில் மோதினார்.

சத்தம் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். பின்னால் இருந்த இருவருக்கும் சிராய்ப்புதான். மயில்சாமியின் வலது கால் பெடலுக்கும் நசுங்கிய தகட்டுக்கும் நடுவில் இருந்தது. பெடலை நெம்பிக் காலை எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பாதம் இருக்க வேண்டிய பக்கம் இல்லை. உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாப்பா காலு மாதிரியே இருக்குதுங்ணா" என்று சொல்லி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து, பிளேட் வைத்து, அவர் படுக்கையில் கிடந்தபோது நாச்சிமுத்து அண்ணனும் நானும் போனோம். செல்வி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பி மாட்டிய சின்ன ஷூக்கள் கட்டில் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டன.

அண்ணன் முதலில் கேட்டது அந்த ஷூவைத்தான். வண்டியிலிருந்து எடுத்து நான் ஒரு பையில் கொண்டுவந்திருந்தேன். வாங்கித் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். மேலே நசுங்கிக் கிழிந்திருந்தது. அடியில் ஒரு பொட்டு மண் இல்லை.

மயில்சாமி காலைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் பயம் வேறு. "நான் ஏமாத்திப்போட்டனுங்ணா. வண்டிக்குள்ள போட்டுக்கிட்டு, போடலைன்னு தாயிகிட்டக் கணக்குச் சொன்னேன். அதான் கோவிச்சுக்கிட்டா. எனக்கு என்ன ஆனாலும் பரவால்லீங்க. எம்புள்ள காலு மறுக்காத் திரும்பிக்குமுங்க. வேண்டுதல் முறிஞ்சுபோச்சு. இப்ப நிக்கக்கூட முடியாதவன், வெறுங்கால்ல எப்படி நடப்பேன்?"

செல்வி, "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அவர் கை குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதே பயம் என்று தெரிந்தது.

"கணக்குச் சொன்னது நீங்க இல்லீங்க, நானுங்க" என்றார் அண்ணன். "ரெண்டு பக்கமும் சரிக்கட்டப் பார்த்தேன். ஷூ கழட்டி மாட்டற எடத்துலதான் ஆபத்து இருக்குதுன்னு எனக்குத் தோணியிருக்கணும். அம்மன் கோவிச்சுக்கறதா இருந்தா எம்மேல கோவிச்சுக்கட்டும். மிச்சம் இருக்கற வேண்டுதல நான் நடந்துடறனுங்க."

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். தன் ஷூ இரண்டையும் கழற்றி, காலுறையை மடித்து உள்ளே வைத்து, என்னிடம் கொடுத்தார். மயில்சாமி எழுந்து தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன் வெறுங்காலோடு வராந்தாவில் நடந்து, வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். அவர் ஓட்டி வந்த ஜீப் அது. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க. எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லீங்களே."

அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஷெட்டுக்குள் ஒரு வண்டியை நகர்த்தி நிறுத்தவும் எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் பஸ். ஷெட் முதலாளி, "செருப்பாவது போட்டுக்குங்க" என்று கேட்டுப் பார்த்தார். அண்ணன் அதையும் போடவில்லை. முள்ளும் கண்ணாடித் துண்டும் குத்தி, குதிகால் வெடித்து, நடையே மாறிப் போனது. காலையில் விருந்தினர்களின் கால் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு இளைஞர், "எங்க ஷூவையெல்லாம் பார்க்கறீங்க, நீங்க வெறுங்கால்ல நிக்கறீங்களே சார்" என்று சிரித்தார். "நான் வண்டி ஓட்டறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஷூவின் நுனியை அழுத்திப் பார்த்தார். அந்த இளைஞருக்குக் காரணத்தைச் சொல்லலாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

மரப்பெட்டியை எடுத்துவிட்டார். வேண்டுதலில் இருக்கிறவர் வேண்டுதல் முடியும் வரை ஷெட் வேலை, படி மட்டும் குறையாது என்று முதலாளியிடம் பேசி விதியாக்கினார். மயில்சாமி ஊன்றுகோலோடு திரும்பி வந்து ஷெட்டில் உட்கார்ந்தபோது அந்த விதிதான் அவருக்குச் சோறு போட்டது. வெகுநாள் கழித்து, ஊன்றுகோலை விட்ட பிறகு அவர் வண்டி ஓட்டினார், மலைக்கு இல்லை. விமான நிலையத்திலிருந்து விருந்தினர்களை அழைத்துவரும் வேலை. அதற்கு அவர் கால் போதும்.

அடுத்த ஆயுத பூஜை அன்று ஜீப்புகளைக் கழுவிச் சந்தனம் வைத்து, மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தோம். பூஜை என்பதால் எல்லோருடைய ஷூவும் செருப்பும் வாசலில் குவிந்து கிடந்தன. அன்றைக்கு அண்ணனும் நாங்களும் ஒன்றுபோல வெறுங்கால்தான். மயில்சாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். டாக்டர், பகலில் கம்பி வேண்டாம், சாதாரண ஷூ போட்டு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். தாரணி காலில் புது ஷூ. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறாள். வெளியே, பிடிக்காமல், அவள் இன்னும் நடந்ததில்லை.

பூஜைக்கு உள்ளே வருவதால் செல்வி குனிந்து குழந்தையின் ஷூவைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க அம்மணி" என்றார் அண்ணன்.

கற்பூரத் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஷெட் வாசலுக்கு வெளியே மண்தரையில் குழந்தையை நிறுத்தச் சொன்னார். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டை விரலால் அந்தச் சின்ன ஷூவின் நுனியை அழுத்திப் பார்த்தார். இடம் இருந்தது. குதிகால் பிடித்திருக்கிறதா என்று பின்னால் தொட்டுப் பார்த்தார். கயிற்றின் நுனியை உள்ளே செருகினார். மயில்சாமி ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"ஆச்சுங்க" என்றார். "எடுங்க."

தாரணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு காலை எடுத்து வைத்தாள். அடுத்ததையும் எடுத்து வைத்தாள். நேராக நடந்து அவர் மேல் விழுந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மயில்சாமி ஆனைமலைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் குழந்தையின் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

பூஜை முடிந்து பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பத் தொடங்கினார்கள். அண்ணன் கொடுத்த ஷூவை அன்றிலிருந்து நான் என் ஜீப்பில்தான் வைத்திருந்தேன். எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். கால் வெடித்துத் தடித்திருந்ததால் உள்ளே போகச் சிரமப்பட்டது. கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார். எழுந்து சிமெண்டுத் தரையில் ஒரு நடை நடந்தார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, கிளச்சையும் பிரேக்கையும் காலால் தொட்டுப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவருக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. மயில்சாமி ஊன்றுகோலை ஊன்றி வண்டிக்குப் பக்கத்தில் வந்தார், குனிந்து அண்ணனின் ஷூ நுனியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஆச்சுங்ணா" என்றார். "எடுங்க."